வீட்டுக்குள் ஒரு குட்டிக் கடல்: புதிதாக உப்புநீர்த் தொட்டி வைப்போருக்குச் சில யோசனைகள்

மும்பையில் மீன் தொட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தங்க மீன், ஏஞ்சல், கப்பி என்று நல்ல தண்ணீர் மீன்களை வளர்த்துப் பழகியவர்கள் நாம். 2003ஆம் ஆண்டு 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து குழந்தைகளிடம் ஒரு புதிய கோரிக்கை கிளம்பிவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன் நம் வீட்டிலும் வேண்டும் என்பதே அது. அது கடல் மீன். பவளப்பாறைகளில் வாழ்வது. அதை வளர்க்க உப்புநீர்த் தொட்டி வேண்டும்.

செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் 14 ஆண்டுகளாக அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. சங்கத்து அன்பர்கள் அதைப் பார்த்துவிட்டு "நாங்களும் வைக்கலாமா? சிரமமா? செலவாகுமா?" என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

வைக்கலாம். ஆனால் அவசரப்படுபவர்களுக்கு இது ஏற்ற பொழுதுபோக்கு அல்ல. இதில் முக்கால்வாசி வேலை தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான். கடைத் தொட்டிகளில் நீந்தும் கடல் மீன்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பாறையிலிருந்து பிடித்து வரப்பட்டவை. நம் வீட்டில் ஒன்று இறந்து, அதற்குப் பதில் இன்னொன்று வாங்கினால், அந்தப் பாறையில் மேலும் ஒன்று குறைகிறது. ஆகவே கற்றுக்கொண்டு ஆரம்பிப்பது நம் கடமை.

முதலில் சட்டம்

படங்களில் பார்க்கும் தொட்டிகளில் மீன்களைவிடப் பவளங்களே கண்ணைப் பறிக்கும். பவளம் பார்வைக்குக் கல் போல இருந்தாலும் அது ஓர் உயிர். கடுகளவும் மிளகளவுமான பிராணிகள் லட்சக்கணக்கில் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக் கட்டும் வீடு அது. அந்தப் பிராணியின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினியில் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டுப் பவளப்பாறைகள் இப்படி வெளுத்தன.

இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே, கறுப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு, 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. செத்துக் காய்ந்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். கடல் குதிரையும் பாதுகாக்கப்பட்ட உயிரினமே.

இந்தச் சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நம் மும்பையிலேயே உதாரணம் உண்டு. ஹாஜி அலி, வொர்லி கரையோரப் பாறைகளில் பவளங்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. 2020இல் கடற்கரைச் சாலைப் பணிக்காக அவற்றை அகற்ற வேண்டி வந்தபோது, மாநகராட்சியே முறைப்படி அனுமதி பெற்று, விஞ்ஞானிகளைக் கொண்டு அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்த வேண்டியிருந்தது. மாநகராட்சிக்கே அப்படி என்றால் நம் ஹாலுக்கு எப்படி இருக்கும்?

மன்னார் வளைகுடாவின் கதையும் நமக்குப் பாடம். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் பக்கம் வரை கரையோரமாக 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள்தாம் அலைகளைத் தடுத்து நிறுத்துபவை. சுண்ணாம்புக்காகப் பல காலம் அந்தப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. பாறை போனால் தீவும் போகும், மீனும் போகும், அதை நம்பிய மீனவர் பிழைப்பும் போகும்.

"இது வெளிநாட்டுச் சரக்கு சார், பயமில்லை" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். சுண்ணாம்புக் கூடு கட்டாத மென்பவளங்கள் வேறு வகை என்பதும் உண்மைதான். ஆனால் எது எந்த வகை, எங்கிருந்து வந்தது என்று புதியவர் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே என் யோசனை இதுதான்: பவளம் வேண்டாம். பவளப் பாறைத் துண்டுகளை 'லைவ் ராக்' என்று விற்பார்கள். அதுவும் வேண்டாம். சுட்ட களிமண்ணில், நுண்ணிய துளைகளோடு செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. அவற்றை அடுக்கினால் மீன்களுக்குக் குகையும் ஆயிற்று, கண்ணுக்குப் பாறையும் ஆயிற்று.

எவ்வளவு பெரிய தொட்டி?

சிறிய தொட்டி சுலபம் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சட்டென்று ஏறி இறங்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்கு ஏற்றது. அதில் ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும்.

கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் எடை கால் டன்னைத் தாண்டும். பழைய கட்டடங்களில் குடியிருப்போர் இதை மறக்கக் கூடாது. சுவரை ஒட்டி, தரையின் கீழே உத்தரம் போகும் இடமாகப் பார்த்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் தெரிந்த என்ஜினீயரைக் கேளுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி மண்டும். மரம் அல்லது கான்கிரீட் மேடை நல்லது. இரும்பு ஸ்டாண்டு இந்த ஊர் ஈரக் காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

ஒரு பாதுகாப்பு விஷயம். உப்புநீரும் மின்சாரமும் ஜென்ம விரோதிகள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகுமுன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அந்த இணைப்புக்குக் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அவசியம். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உப்பும் தண்ணீரும்

"கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, நாலு குடம் எடுத்து வந்தால் என்ன?" என்று கேட்காதவர் இல்லை. மும்பைக் கரையோர நீரில் சாக்கடை கலக்கிறது. மழைக்காலத்தில் உப்பும் குறைந்துவிடும். அது வேண்டாம்.

கல் உப்பைக் கரைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. தூத்துக்குடி உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு வகைகள் படிகின்றன. பிறகு சோற்றுப்பு படிகிறது, அதை வாரி எடுக்கிறார்கள். மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் எஞ்சி நிற்கிறது, அதை வெளியேற்றுகிறார்கள். ஆக, நம் சமையலறைக்கு வருவது கடலின் ஒரு பகுதிதான். கடல் உப்புகளில் சோற்றுப்பு ஏறக்குறைய 85 சதவீதம். மீதியுள்ள மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை இல்லாமல் கடல் உயிர்கள் நன்றாக வாழாது. எல்லாம் உரிய அளவில் கலந்த மீன் தொட்டி உப்பு தனியாக விற்கிறது. அதையே வாங்க வேண்டும்.

லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்பு தேவைப்படும். நம் 190 லிட்டர் தொட்டிக்கு முதல் தடவை 7 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் கரைத்து, சிறு பம்பை ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு அளந்து பார்க்க வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டினால் சரி. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி இன்னும் துல்லியமானது.

கரைக்கும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, பாசியை வளர்க்கும் பொருள்களும் உண்டு. ஆனால் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பக் கலக்கிறார்கள். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் உத்தமம். இல்லையென்றால் கலக்கும் பகுதிக்கு முன்னால் தண்ணீர் எடுக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு உடனே புரியும் ஒரு விஷயம். ரசம் கொதிக்கக் கொதிக்க உப்பு தூக்கலாகிவிடும் அல்லவா? தொட்டியிலும் அப்படியே. தினம் ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள்.

ஆறு வாரத் தவம்

தொட்டி வந்தாயிற்று, தண்ணீர் நிரம்பியாயிற்று, இனி மீன் விட வேண்டியதுதானே என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான்.

மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உள்ளது, பி.எச். 8.2 அளவில் இருக்கும். அதனால் அம்மோனியா இங்கே நல்ல தண்ணீரில் இருப்பதைவிடக் கொடியது. இதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் கெடுதலே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு வரை பாதகமில்லை. இந்த இரண்டு பாக்டீரியாக் குடும்பங்களும் பாறைத் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

தயிருக்கு உறை ஊற்றிவிட்டு ஒரு ராத்திரி காத்திருக்கிறோம். இடையில் கலக்கினால் கெடும். தொட்டி உறைவதற்கு ஆறு வாரம், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா நல்ல உறையாக இருந்தால் நாள் குறையலாம், ஆனால் சோதனை செய்யாமல் நம்பக் கூடாது.

செய்முறை சுலபம். பாறை அடுக்கி, பம்பு ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். உயிருள்ள மீனை விட்டு இந்த வேலையைச் செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பாவம், தேவையும் இல்லை. டெஸ்ட் கிட் வாங்கி இரண்டு நாளைக்கு ஒரு முறை பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். இடையில் கண்ணாடியிலும் பாறையிலும் பழுப்புப் படலம் படரும். பயப்பட வேண்டாம், சில வாரங்களில் தானே போய்விடும். குழந்தைகளிடம் ஒரு தாள் கொடுத்து எண்களைக் குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் என் பேத்தி வரைந்த அந்தக் கோட்டுப்படம் பள்ளிக்கூட அறிவியல் நோட்டிலும் ஏறிவிட்டது.

சாதனங்களில் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று. மைசூர்பாகுக்குப் பாகு காய்ச்சும்போது கரண்டிப் பால் விட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருமே, அதை வழித்து எறிவோமே, அதே தத்துவம். நுண்ணிய காற்றுக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு அழுக்கு மேலே வந்து ஒரு கிண்ணத்தில் சேரும். அது அழுகி அம்மோனியா ஆகும் முன்பே வெளியேறிவிடுகிறது.

வெயிலும் மின்தடையும்

தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருப்பது நல்லது. மும்பையில் ஹீட்டருக்கு வேலை குறைவு. ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் சூட்டைக் குறைப்பதுதான் பிரச்சினை. நீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறையும். தொட்டியின் மேல் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சிறு மின்விசிறியை நீரின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது போலத்தான். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் இந்த உபாயம் அவ்வளவு பலிக்காது. பவளம் இல்லாத தொட்டிக்கு விலை உயர்ந்த சில்லர் இயந்திரம் கட்டாயமில்லை.

மின்சாரம் போனால் முதலில் தட்டுப்படுவது பிராணவாயு. பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். டோம்பிவிலி, கல்யாண் பக்கம் இருப்பவர்கள் இன்வர்ட்டரில் ஒரு பம்பை மட்டும் இணைத்துவிடலாம். அந்த நேரத்தில் உணவு போடாதீர்கள்.

எந்த மீன்?

கோமாளி மீன்தான் ஆரம்பத்துக்கு நல்லது. திடமானது, கொடுத்ததைத் தின்னும், பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். இரண்டு குட்டி மீன்களை ஒன்றாக வாங்குங்கள். எல்லாக் கோமாளி மீன்களும் ஆணாகவே வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். ஆகவே 'ஆணா, பெண்ணா' என்று கடையில் தேட வேண்டியதில்லை. படத்தில் அது கடல் சாமந்தியின் நடுவே வசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியில் அது கட்டாயமில்லை. பாறை இடுக்கே போதும்.

முக்கியமான செய்தி, இந்த மீனைக் கடலில் பிடிக்காமலே பெறலாம். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீனைப் பண்ணையில் முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை நம் நாட்டில் நிலைநாட்டியிருக்கின்றன. கடையில் "பண்ணைக் குஞ்சு இருக்கிறதா?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரரும் தருவிப்பார். பண்ணைக் குஞ்சு தொட்டி வாழ்க்கைக்கும் குருணை உணவுக்கும் பழகியது. கடலில் பிடித்த மீன் அப்படி அல்ல. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கமும் உண்டு. அந்த மீன் கடையில் அழகாக நீந்தும், சில வாரங்களில் காரணம் தெரியாமல் சாகும்.

எந்த மீனானாலும் கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே உணவு போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். பட்டாம்பூச்சி மீன், மாண்டரின், பவுடர் ப்ளூ டாங் ஆகியவை அழகில் மயக்கும். புதியவர் கையில் அவை பட்டினியாலும் நோயாலும் இறப்பதே வழக்கம்.

புது மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்திருந்து பிறகு சேர்ப்பது உத்தமம். வெண்புள்ளி நோய் ஒரு மீனோடு வந்தால் எல்லாவற்றையும் பிடிக்கும். அதற்குத் தரும் செம்பு மருந்து நத்தை, இறால் முதலியவற்றைக் கொன்றுவிடும். அதனால் பெரிய தொட்டியில் அதை ஊற்றக் கூடாது. நம் அளவுத் தொட்டிக்கு நாலைந்து சிறு மீன்கள் போதும். மாதத்துக்கு ஒன்றிரண்டாகச் சேருங்கள்.

வாராந்தர வேலையும் ஊர்ப் பயணமும்

தினமும் ஐந்து நிமிடம்: வெப்பம் பார்ப்பது, கோடு வரை நீர் நிரப்புவது, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு உணவு போடுவது. வாரம் ஒரு மணி நேரம்: 20 லிட்டர் பழைய நீரை எடுத்துவிட்டு, முதல் நாளே கரைத்து வைத்த புது உப்புநீரை ஊற்றுவது. இதற்கு மாதம் மூன்று கிலோ உப்பு செலவாகும். மீன் விலை ஒரு தடவைச் செலவு. உப்பும் மின்சாரமும் மாதா மாதம் வரும் செலவு. இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. மே மாதத்தில் மூன்று வாரம் ஊருக்குப் போகாமல் இருக்க முடியுமா? தொட்டியை யார் பார்ப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு நாள் உணவையும் சிறு காகிதப் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதி வைத்துவிடுவேன். டப்பாவை ஒளித்துவிடுவேன். அன்பு மிகுதியால் அள்ளிப் போடுகிறவர்களால்தான் ஆபத்து. ஊற்ற வேண்டிய தண்ணீரைக் கேன்களில் நிரப்பிக் கோட்டைக் காட்டிவிடுவேன். கிளம்பும் முன் இரண்டு முறை தண்ணீர் மாற்றிவிடுவேன். பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்கிறார். திரும்பி வரும்போது திருநெல்வேலி அல்வா கொண்டுவந்து கொடுப்பது எங்கள் ஒப்பந்தம்.

பவளத்தைப் பார்க்க ஆசைப்படும் குழந்தைகளை அது வாழும் இடத்துக்கே கூட்டிப் போகலாம். இங்கிருந்து ரயிலேறினால் மகாராஷ்டிரத்திலேயே மால்வண் இருக்கிறது. 1987 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி அது. குஜராத்தில் ஜாம்நகர் அருகே நராராவில் கடல் வற்றும் நேரத்தில் பவளங்களை நடந்தே பார்க்கலாம். ஊருக்குப் போகும் வழியில் மண்டபம், ராமேஸ்வரம் கரைகளில் நின்று, எதிரே தெரியும் தீவுகளைக் காட்டி அவற்றின் கதையைச் சொல்லுங்கள்.

தொட்டி வாங்கக் கிராஃபோர்டு மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மீனே இல்லாத வெறும் தண்ணீரை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்க நாம் தயாரா? "தயார்" என்று பதில் வந்தால் தாராளமாக ஆரம்பிக்கலாம்.